பிரிக்காத ஒன்பது பெட்டிகள்

ஆம்பூரில் நாங்கள் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கம்மி. பதினேழு என்றால்தான் தெரியும். ஃபைனல் செக்கிங் டேபிளில் உட்காரும் ஒவ்வொருத்திக்கும் நம்பர் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று உண்டு. ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குற்றம் இல்லையென்றால் பெட்டியின் ஓரத்தில் ஊதா மையில் ‘ஓகே’ என்று ஒரு குத்து. அந்த வட்டத்துக்குள் குத்தியவளின் நம்பர் இருக்கும். வெளிநாட்டில் எவனாவது பெட்டியைத் திறந்து மூக்கைச் சுளித்தால், எந்த நம்பர் பார்த்த பெட்டி என்று அங்கிருந்து ஃபேக்ஸ் வந்துவிடும். ஆகவே ஸ்டாம்பை யாரும் டேபிளில் விட்டுப் போக மாட்டார்கள். இவள் ஒருபடி மேலே போய், அதைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகி வீட்டுக்கே கொண்டுபோவாள்.

“தாலிய கழட்டி வெச்சாலும் வெப்பேன், இத வெக்க மாட்டேன்” என்பாள். வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே சொல்வாள். அவர் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் ஊறுகிற டிரம்மை ஓட்டுகிறவர், பேச்சு ஜாஸ்தி இல்லாத மனிதர். சிரித்துக்கொள்வார்.

நான் எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் டைப்பிஸ்ட். வேலூரில் கம்பெனி பஸ் ஏறுவேன், அவள் பள்ளிகொண்டாவில் ஏறுவாள். ஏறும்போதே “இன்னா டைப்பு, தள்ளி உக்காரு” என்று இடுப்பால் ஒரு இடி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஆனாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் என்னையும் யாரோ செக் பண்ணுவது போலத்தான் இருக்கும். ரவிக்கையில் ஒரு ஊக்கு விட்டுப்போயிருந்தால் முதலில் அவள் கண்ணில்தான் படும்.

ஒரு தடவை கன்டெய்னர் லாரி கேட்டில் நிற்கிறது. கப்பலுக்கு நேரமாகிவிட்டது. கடைசி லாட்டில் ஒரு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு இவள் குத்த மாட்டேன் என்கிறாள். தோலில் ஒரு கீறல். அதன்மேல் கறுப்பு மெழுகைத் தேய்த்து யாரோ மறைத்திருக்கிறார்கள். மேனேஜர் வந்து கத்தினார். “மெழுகு வெச்சா தெரியலயே, உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?” என்றார். “தெரியக் கூடாதுன்னுதானே சார் வெச்சிருக்காங்க” என்றாள். இடுப்புப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு ஜோடியை எடுத்துவிட்டு வேறு ஜோடி வைத்த பிறகுதான் லாரி நகர்ந்தது. அவளை மாதிரி நெஞ்சழுத்தக்காரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். அது செக்‌ஷன் பூராவுக்கும் தெரியும். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். அதைத் தைத்துக் கொடுக்கும் வேலையைக் கம்பெனிகள் வெளியே சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குக் கொடுக்கும். அப்படி ஒரு யூனிட் அவளுக்கு வேண்டும். சொந்த வீட்டின் முன்னறையில் மூன்று மிஷின்.

“அடுத்தவன் தெச்சதுல குத்தம் கண்டுபுடிச்சே என் ஆயுசு போய்டும் போலக்குதுடி. நான் தெச்சு, அதுல எவனும் குத்தம் சொல்லக் கூடாது. அதான் வேணும்.”

பேங்க்கில் போய்க் கேட்டாள். ஜாமீனுக்கு ஆள் கேட்டார்கள். ஆள் இல்லை. ஒரு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாள்.

அப்போதுதான் துரை வந்தார். துரை என்றால், எங்கள் ஷூவை வாங்குகிற பையர் கம்பெனியின் வெள்ளைக்காரர். வயதானவர். வருஷத்துக்கு இரண்டு முறை வந்து சரக்கைப் பார்த்துவிட்டுப் போவார். பெண்களெல்லாம் வைத்த பெயர் துரை. தொண்ணூறுகள் முடிகிற சமயம். விண்வெளிக் கப்பல்கள் சண்டை போடுகிற ஒரு படம் அந்த வருஷம் உலகம் பூராவும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படத்துக் கப்பலைப் பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றில் ஒன்று செருகிக் கட்டுகிற விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, “உன் மகளுக்கு” என்று இவளிடம் கொடுத்தார். மகளுக்கு அப்போது ஆறு வயது.

மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே துரை கதை சொன்னார். அவர் ஊரில் சிலர் இந்தப் பெட்டிகளைப் பிரிப்பதே இல்லையாம். சினிமாப் பெட்டி என்றால் இரண்டு மூன்று வருஷத்தில் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிடுமாம். அதற்கப்புறம் சேகரிக்கிறவர்கள் தேடித்தேடி வாங்குவார்களாம். அவர் மச்சான் பிரிக்காத இரண்டு பெட்டியை விற்று மோட்டார் சைக்கிளே வாங்கிவிட்டானாம். வெள்ளைக்காரன் பைத்தியத்தைப் பார் என்ற தோரணையில் நான் இதைத் தமிழில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

“பிரிக்காமயேவா?”

“ஆமாம்.”

“மூலை நசுங்கியிருந்தா?”

துரையிடம் கேட்டேன். விலை கம்மி என்றார்.

“வெயில்ல சாயம் போயிருந்தா?”

கம்மி என்றார்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த தொழில்தானே அது. சும்மா பேச்சுக்கு மொழிபெயர்த்தவள் நான். அன்றைக்கு என் வாயை அடக்கியிருக்கலாம்.

அந்தப் பெட்டி பிரிக்கப்படவில்லை. ஆறு மாதம் கழித்து துரை திரும்பி வந்தபோது என்னை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு பேரம் பேசினாள். ஆம்பூரில் மிச்சத் தோல் கிலோ கணக்கில் கிடைக்கும். நல்ல துண்டாகப் பொறுக்கி, தெரிந்த தையல்காரரிடம் கொடுத்து ஒரு கைப்பை தைத்து வைத்திருந்தாள். எங்கள் முதலாளி சம்சாரம்கூட அப்படி ஒன்று வைத்திருக்கவில்லை. “ஒரு பைக்கு ஒரு பெட்டி. சினிமாப் பெட்டிதான் வேணும்னு சொல்லு டைப்பு. மூல நசுங்காம கைல எடுத்துட்டு வரணும்னு சொல்லு.” துரை விழுந்து விழுந்து சிரித்தார். பையை வாங்கிக்கொண்டார். அவர் மனைவிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதாம். அன்றிலிருந்து அவர் வரும்போதெல்லாம் பெட்டியைக் கேட்டுவிடுவாள். விண்வெளிக் கப்பல், கோட்டையும் மந்திரக்காரர்களும் வருகிற படம், முகமூடி போட்ட வீரன் படம். எந்தப் படத்தையும் அவள் பார்த்ததில்லை. சில தடவை கிடைக்காமல் வெறுங்கையோடும் வருவார். ஏழு வருஷத்தில் ஒன்பது பெட்டிகள் சேர்ந்தன.

அவற்றை அவள் வைத்திருந்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு எக்ஸ்போர்ட் கார்ட்டனுக்குள். ஈரத்தை இழுக்கிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு மூலைக்கும் நாலு. கார்ட்டன் தரையில் படாது, சுவரில் படாது, பலகைமேல் நிற்கும். மழைக்காலத்தில் தோலில் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்ற என்னென்ன செய்வோமோ அவ்வளவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டில் இருக்கும்போது அடைமழை பிடித்துக்கொண்டது. ஓடு ஒழுகியது. ஒரே கட்டில். அதன்மேல் ஒன்பது கார்ட்டனையும் ஏற்றித் தார்ப்பாயைப் போட்டு மூடினாள். நாங்கள் நாலு பேரும் கீழே பாத்திரங்களுக்கு நடுவில் குந்திக்கொண்டிருந்தோம். வாயே திறக்காத அவள் வீட்டுக்காரர் அன்றைக்குத் திறந்தார்.

“நாங்க நனையலாமா?”

“நீங்க நனைஞ்சா காஞ்சிடுவீங்க. அட்டை காயாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மகளைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மகளைப் பற்றிச் சொல்லாமல் இவளைப் பற்றிச் சொல்லக் கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, காற்றுப்படுவதற்காகக் கார்ட்டனிலிருந்து பெட்டிகளை எடுத்து வரிசையாக வைப்பாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிமேல் இருக்கும் படங்களைப் பார்ப்பாள். தொடலாம், அவ்வளவுதான். எந்தக் கட்டை எதன்மேல் வரும், எந்த இறக்கை எங்கே சேரும் என்று படத்தைப் பார்த்தே அவளுக்கு மனப்பாடம். முதல் பெட்டி வந்த அடுத்த வருஷம், கம்பெனி விளையாட்டு தினத்தில் தான் கொடுத்த முதல் பெட்டியையாவது பிரித்திருப்பார்கள் என்ற நினைப்பில் துரை குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “கப்பலைக் கட்டிவிட்டாயா?” என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். குழந்தை அம்மாவைப் பார்த்தது.

“கட்டிட்டேன் அங்கிள்.”

“எது கஷ்டமாக இருந்தது?”

“பின்னாடி எஞ்சின். அது சின்னச் சின்னக் கட்டை. மூணு தடவ விழுந்துச்சு.”

துரை சந்தோஷப்பட்டு அவள் கன்னத்தைக் கிள்ளினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சண்டை பிடித்தேன். ஒரே ஒரு பெட்டி, அந்த முதல் பெட்டியை மட்டும் குழந்தைக்குக் கொடேன் என்றேன்.

“ஒண்ணைப் பிரிச்சா ரெண்டாவதும் பிரிப்பேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குமேல் பேசினால் பேஜார். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

நாற்பது தாண்டியதும் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து அவளுக்கும் வந்தது. சர்ச்சில் நடந்த முகாமில் கண்ணாடி வாங்கினாள். போட்டால் பழையபடி மயிரிழைக் கீறலும் தெரிந்தது. ஆனால் எங்கள் மேனேஜருக்கு ஒரு கொள்கை. கண்ணாடி போட்டவர்களுக்கு ஃபைனல் டேபிள் கிடையாது. பையர் பார்த்தால் நன்றாக இருக்காதாம். ஸ்டாம்பை வாங்கிக்கொண்டு, ஷூவுக்குள் காகிதம் திணிக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார். இருபது வருஷம் பதினேழாக இருந்தவள் அன்றைக்கு பஸ்ஸில் காலியான சுருக்குப் பையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடம் வந்தபோது, “பெட்டிய வித்துடலாம் டைப்பு. ஆளப் பாரு” என்றாள்.

ஆம்பூர் பஜாரில் அப்போது பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்த் தேடினேன். துரை சொன்னது அத்தனையும் உண்மை. எங்களிடம் இருந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் இப்போது கடையில் கிடையாது. வெளிநாட்டில் ஏலம் போட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கொடுக்கிற விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மூன்று மிஷின் என்ன, தையலுக்கு ஆள் வைத்து முதல் மாதச் சம்பளமும் கொடுக்கலாம். சென்னையில் இந்தச் சாமான்களை வாங்கி வெளியே அனுப்புகிற ஒருவருக்கு மெயில் போட்டேன். அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

வந்தவர் மெதுவான ஆள். கையைத் துடைத்துக்கொண்டுதான் பெட்டியைத் தொட்டார். மூலைகளை விரலால் தடவினார், ஒட்டுப் பட்டையைப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டினார். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தன்னை மாதிரியே குற்றம் பார்க்கிற ஆள் ஒருவனை ஏழு வருஷம் கழித்துப் பார்த்துவிட்டாள். “இப்படி வெச்சிருக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லைங்க” என்றார் அவர். எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு பெட்டியைக் குப்புறத் திருப்பினார்.

அடியில், வலது மூலையில், ஊதா வட்டம். ஓகே. பதினேழு.

“இது யாருங்க?”

“நான்தான். செக் பண்ணிட்டுக் குத்தினேன்” என்றாள். அதே பெருமை.

அவர் அடுத்த பெட்டியைத் திருப்பினார். அதற்கடுத்ததை. ஒன்பதிலும் ஒரே இடத்தில், ஒரு நூல் பிசகாமல், ஊதா வட்டம். ஒவ்வொரு பெட்டியும் வீட்டுக்கு வந்த அன்று, மூலை பார்த்து, சாயம் பார்த்து, ஆட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின் இடுப்பிலிருந்து ஸ்டாம்பை எடுத்து ஒரு குத்து. குத்தாத பெட்டி அவள் கையைவிட்டு எப்போதுமே போனதில்லையே. உலகத்தில் வேறு யார் வீட்டில் இருந்திருந்தாலும் அந்தப் பெட்டிகளுக்கு அது நடந்திருக்காது. எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது.

சென்னைக்காரர் நிதானமாக விளக்கினார். சேகரிக்கிறவர்களுக்குப் பெட்டி கடையில் இருந்த மாதிரியே இருக்க வேண்டும், ஒரு பேனாக் கோடு இருந்தாலும் விலை பாதிக்குக் கீழே போய்விடும். அவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். ஒரு வழி இருக்கிறது. பழைய வெளிநாட்டுக் கடைகளின் விலைச் சீட்டு மாதிரியே அவரிடம் அச்சடித்தது உண்டு. சரியாக அந்த வட்டத்தின்மேல் ஒட்டிவிட்டால் யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. கடைச் சீட்டை ஒரு குறையாகவும் எடுக்க மாட்டார்கள். அப்படியென்றால் முழு விலையும் தரத் தயார்.

“ஒட்டிடலாம்டி” என்றேன் நான். யோசிக்கவே இல்லை. “யாருக்கு நஷ்டம்? உள்ள இருக்கிற பொம்மை பொம்மைதானே?”

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“கீறல் மேல மெழுகு வெச்சு அனுப்புனவளுங்கள நான் இருவது வருஷமா திட்டிட்டு வர்றேன். இப்ப நான் சீட்டு ஒட்டணுமா?” என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, “என் தப்புதான் சார். அழுக்கு அழுக்குதான். கீதுன்னு சொல்லியே வித்துக்குங்க. அதுக்கு இன்னா வருமோ அத குடுங்க.”

“மூணு மிஷின்டி” என்று நான் அவள் கையைப் பிடித்தேன். “ஏழு வருஷம். அந்தப் பிள்ளையைத் தொடவிடாம வெச்சிருந்தியே. அதுக்காவது...”

“அதுக்காகத்தான்” என்றாள்.

அவர் ஒன்பது பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றினார். பதினான்கு வயது மகள் கதவோரம் நின்று பார்த்தாள். அழவில்லை. ஆட்டோ திரும்பிய பிறகு உள்ளே போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு என்ன தோன்றியது என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு தைரியம் இல்லை. வந்த பணத்தில் ஒரு மிஷின் வாங்கலாம். அதுவும் பழையது. பேரணாம்பட்டில் மூடிப்போன ஒரு யூனிட்டிலிருந்து அதை மினி லாரியில் ஏற்றிவந்து, பெட்டிகளுக்குப் பலகை போட்டிருந்த முன்னறையில் இறக்கினார்கள். “மிச்சம் ரெண்ட இது சம்பாதிச்சுக் குடுக்கும்” என்றாள். அடுத்த திங்கட்கிழமையே கம்பெனி வேலையை விட்டுவிட்டாள்.

வேடிக்கை என்னவென்றால் அவளுக்குத் தைக்க வரவில்லை. குற்றம் பார்த்த கைக்கு ஒரு வளைவு ஒழுங்காகத் திரும்பவில்லை. கிலோத் தோலை வாங்கிப் போட்டு ஒரு மாதம் தைத்தாள். முன்னறை முழுக்க வீணான துண்டுகள். வாணியம்பாடியில் ஒரு கம்பெனி, ஐந்து ஜோடிக்கு வெட்டிய தோலைக் கொடுத்து, தைத்துக்கொண்டு வா என்றது. ஐந்தில் மூன்று ஜோடி தேறினால் ஆர்டர் உண்டு. துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. தப்பாகத் தைத்த ஜோடி போனது போனதுதான்.

ஒப்படைக்க வேண்டியதற்கு முந்தின ஞாயிறு காலையில் நான் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிஷினில் குனிந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. முதல் ஜோடியை என்னிடம் நீட்டினாள்.

“பாரு டைப்பு. எனக்காகச் சொல்லாத.”

வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நான் டைப்பிஸ்ட்தான், ஆனால் அவள் பக்கத்தில் அத்தனை வருஷம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவள். குதிகால் பக்கத்தில் ஒரு தையல் தாவியிருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. விரல் நகத்தால் அந்த இடத்தைக் காட்டினேன். அவள் பார்த்தாள், ஜோடியைத் தூக்கி மூலையில் எறிந்தாள், அடுத்ததை எடுத்தாள். இரண்டாவதில் ஓரம் கோணிக்கொண்டது. அதையும் காட்டினேன். அதுவும் மூலைக்குப் போனது.

இனி மூன்றுதான் இருந்தது. மூன்றும் தேற வேண்டும். மகள் பாடத்தை மூடிவிட்டு வந்து, நூல் முனைகளைக் கத்தரித்துக் கொடுக்க உட்கார்ந்தாள். நான் போக வேண்டிய பஸ் போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது. மூன்று ஜோடியும் முடிந்து என் மடியில் வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்து, நுனியிலிருந்து குதிகால் வரை, தையல் தையலாகப் பார்த்தேன். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன்.

“இன்னாடி?” என்றாள். குரல் நடுங்கியது. அவள் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“ஒரு குத்தமும் இல்ல.”

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, என்னை நம்பாமல், மூன்றையும் என் மடியிலிருந்து வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய், நின்றபடி, அவளே முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எங்கள் மூவரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார். மறுநாள் வாணியம்பாடியில் மூன்று ஜோடியும் தேறியதாக எனக்கு ஃபோன் வந்தது. அது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.